கடலுக்கும் ஒரு கரண்ட் பில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படிப்பது பி.காம். ப்ளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப் எடுத்த அன்றைக்கே வேதியியலுக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு வந்தவன். அப்படிப்பட்டவன், பவளத்தின் எலும்புக்கூட்டுக்குள் காட்மியம் எப்படிப் போய் உட்காருகிறது என்று எழுத வந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்துவிட்டுப் படியுங்கள். இதற்கெல்லாம் காரணம் ஒரு ரைஸ் மில்லின் கரண்ட் பில்.

போன கோடை விடுமுறையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வாரம் வேலை பார்த்தேன். சம்பளம் கிடையாது. டீயும் வடையும் உண்டு, கடைசியில் ஒரு சான்றிதழ் உண்டு. வேலை என்ன என்றால் டிக் அடிப்பது. வவுச்சரைப் பார்க்க வேண்டும், புத்தகத்தில் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போனால் பென்சிலால் ஒரு டிக். ஒரு நாளைக்கு முந்நூறு நானூறு டிக் அடித்தால் சாயங்காலம் கனவில்கூட டிக் வரும்.

அங்கே ஒரு சீனியர் இருந்தார். நல்ல மனுஷர். என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த ஒரே ஆள் அவர்தான். முதல் வாரமே ஒரு வித்தை சொன்னார். "தம்பி, மில்லுக்காரர் எழுதின ரிஜிஸ்டரைப் பார்த்தா அவர் என்ன சொல்ல நினைக்கிறார்னுதான் தெரியும். என்ன நடந்துச்சுன்னு தெரியணும்னா கரண்ட் பில்லைப் பாரு." நெல் அரைக்க மோட்டார் ஓட வேண்டும். மோட்டார் ஓடினால் யூனிட் ஏறும். மீட்டருக்கு பேங்க் லோனைப் பற்றியோ வருமான வரியைப் பற்றியோ ஒன்றும் தெரியாது. அது பாட்டுக்குச் சுற்றும். எனக்கு ஏதோ பெரிய ரகசியம் கைக்கு வந்த மாதிரி இருந்தது.

நாலாவது வாரம் ஒரு மில்லின் ஃபைல் என்னிடம் வந்தது. கற்ற வித்தையைக் காட்டலாமென்று பன்னிரண்டு மாதக் கரண்ட் பில்லையும் வரிசையாக அடுக்கினேன். இரண்டு மாதம் இடித்தது. ரிஜிஸ்டரில் அரைவை எப்போதும் போல இருந்தது. பில்லில் யூனிட் பாதிகூட இல்லை. ஓடிப்போய்ச் சீனியரிடம் காட்டினேன். அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. "கரண்ட் போயிருக்கும், ஜெனரேட்டர் ஓட்டியிருப்பாங்க. பழைய பார்ட்டி தம்பி. டிக் போட்டுட்டு வா, சாப்பிடப் போகலாம்" என்றார்.

டிக் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இந்த விஷயம் இதோடு நிற்கட்டும், கடைசியில் திரும்ப வருகிறேன்.

காலேஜ் திறந்ததும் பொருளாதார வகுப்பில் பேராசிரியர் ஒரு கதை சொன்னார். 1973இல் உலகச் சந்தையில் சோயாபீன்ஸ் விலை தாறுமாறாக ஏறியது. உள்நாட்டில் விலையைக் கட்டுப்படுத்த அமெரிக்கா அந்த ஜூன் மாதம் சோயா ஏற்றுமதிக்கே தடை போட்டது. சோயாவுக்கு அமெரிக்காவையே நம்பியிருந்த ஜப்பான் ஆடிப்போய், பிரேசிலில் சோயா விளைவிக்கப் பிற்பாடு பணம் போட்டது. இன்றைக்கு உலகத்திலேயே அதிகமாகச் சோயா ஏற்றுமதி செய்யும் நாடு பிரேசில். இத்தனைக்கும் ஆரம்பம் எங்கே என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார்: ஒரு சின்ன மீன்.

பெரு நாட்டுக் கடலில் கிடைக்கும் நெத்திலி வகை மீன் அது. 1970இல் அதன் பிடிப்பு 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கு மேல். 1973இல் 20 லட்சம் டன்னுக்கும் கீழே. அந்த மீனைக் காயவைத்து அரைத்த தூள்தான் உலகம் முழுக்கக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாகப் போய்க்கொண்டிருந்தது. அது இல்லையென்றதும் எல்லோரும் சோயாப் பிண்ணாக்கின் மேல் விழுந்தார்கள். சோவியத் நாடு அப்போது தானியத்தை வாரி வாங்கியதும் ஒரு காரணம். மீனை அளவுக்கு மீறிப் பிடித்ததும் ஒரு காரணம். ஆனால் அடியைக் கொடுத்தது 1972-73 எல் நினோ. அந்த வருடம் கடலின் அடியிலிருந்து வர வேண்டிய சரக்கு மேலே வரவில்லை.

என்ன சரக்கு? கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்ற வருகிறவரிடம் "கரண்டியை அடிவரைக்கும் விட்டுக் கலக்கி ஊத்துப்பா" என்று சொல்வோமே, அதே கதைதான். கடலின் மேல்மட்டத்தில் வெயில் உண்டு, சத்து இல்லை. அங்கே வாழும் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் பாஸ்பேட், நைட்ரேட் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடுகின்றன. அவை செத்தால் அந்தச் சத்தோடு கீழே இறங்குகின்றன. ஆக, காய் முழுக்க அடியில், மேலே வெறும் தண்ணி. சில இடங்களில் மட்டும் காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போக, அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த அடிநீர் மேலே வருகிறது. இதைத்தான் மேலெழுச்சி என்கிறார்கள். பெருவில் காற்றுதான் கரண்டி. எல் நினோ வந்தால் குளிர்ந்த அடிநீரின் மட்டமே கீழே இறங்கிவிடுகிறது. அப்புறம் கரண்டியை விட்டுக் கலக்கினாலும் தண்ணிதான் வரும்.

இங்கேதான் எனக்குள் இருந்த டிக் அடிக்கும் பையன் விழித்துக்கொண்டான். இவ்வளவு பெரிய வியாபாரம் இந்த மேலெழுச்சியை நம்பி இருக்கிறதே, இதற்கு ரிஜிஸ்டர் யார் எழுதினார்கள்? போன நூற்றாண்டில் எத்தனை முறை அடிநீர் வந்தது, எத்தனை முறை வரவில்லை? செயற்கைக்கோள் ஒழுங்காகக் கடலின் வெப்பத்தை அளக்க ஆரம்பித்ததே 1980களை ஒட்டித்தான். அதற்கு முன் போகிற வருகிற கப்பல்கள் குறித்துவைத்ததுதான் கணக்கு. அந்தப் பசிபிக் மூலையில் கப்பலும் குறைவு. ஒரு வியாபாரத்தின் கணக்கைக் கடைசிப் பத்து வருட ஏட்டை மட்டும் வைத்துத் தணிக்கை செய்யச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது நிலைமை.

ரிஜிஸ்டர் இல்லையென்றால் கரண்ட் பில்லைத் தேட வேண்டியதுதான். தேடினார்கள். கிடைத்தது.

பெருவின் கடலோரத்தில் பவளத்திட்டு கிடையாது, தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சி. ஆனால் ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளி, பூமத்திய ரேகை மேலேயே இருக்கின்றன கலாபகோஸ் தீவுகள். டார்வின் போன அதே தீவுகள். பூமத்திய ரேகையில் பென்குயின் வாழும் இடம் அது ஒன்றுதான். காரணம் இதே அடிநீர். கடலுக்கடியில் கிழக்கு நோக்கி ஓடிவரும் ஒரு நீரோட்டம் தீவுகளின் மேல் முட்டி மேலே ஏறுகிறது. தென்கிழக்குக் காற்றும் தன் பங்குக்கு இழுக்கிறது. பெருவும் கலாபகோஸும் ஒரே கிணறு இல்லை. ஆனால் எல் நினோ வந்தால் இரண்டிலும் ஒன்றாகவே சத்து வற்றும். அந்தக் குளிரிலும் தாக்குப்பிடித்துச் சில பவளங்கள் கலாபகோஸில் வளர்ந்தன.

பவளம் என்றதும் நமக்கு மோதிரத்தில் வைக்கும் சிவப்புக் கல் ஞாபகம் வரும். நான் சொல்வது அதுவல்ல, திட்டு கட்டும் பவளம். உயிருள்ள பகுதி மேலே ஒரு மெல்லிய தோல் மாதிரிதான். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அந்த உயிர் கட்டிவிட்டு விட்டுவிட்டுப் போன சுண்ணாம்பு. கடல்நீரிலிருந்து கால்சியத்தை எடுத்து அரகோனைட் என்னும் சுண்ணாம்பு வகையாக மாற்றி, அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டே மேலே போகும். வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். வீடு கட்டுகிறவன் ஒவ்வொரு மாடியாகக் கட்டி, கீழ்மாடியைப் பூட்டிவிட்டு மேலே குடியேறிக்கொண்டே இருப்பது போல.

இந்த எலும்புக்கூட்டை நெடுக்குவாக்கில் மெல்லிசாக அறுத்து எக்ஸ்ரே எடுத்தால் மரத்தின் வளையம் போலக் கறுப்பு வெளுப்புப் பட்டைகள் தெரியும். ஒரு கறுப்பும் ஒரு வெளுப்பும் சேர்ந்தால் ஒரு வருடம். "நீங்களாகச் சொல்லிக்கொள்கிறீர்கள், ஒரு வருடம் என்பதற்கு வவுச்சர் எங்கே?" என்று கேட்கத் தோன்றுகிறதா? எனக்குத் தோன்றியது. வவுச்சர் இருக்கிறது, கொஞ்சம் பயங்கரமான வவுச்சர். பசிபிக்கில் எனிவெட்டாக் என்ற பவளத்தீவில் அமெரிக்கா அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. அப்போது கடலில் கலந்த கதிரியக்க ஸ்ட்ரான்சியத்தை அங்கிருந்த பவளங்கள் கால்சியம் என்று நினைத்துக் கட்டடத்தில் சேர்த்துவிட்டன. எந்தச் சோதனை எந்த வருடம் என்பது எல்லோருக்கும் தெரிந்த தேதி. அந்தக் கதிரியக்கக் கோடுகளுக்கு நடுவே பட்டைகளை எண்ணிப் பார்த்தார்கள். வருடத்துக்கு ஒரு ஜோடி. நட்சன், படமெயர், ஸ்மித் மூவரும் 1972இல் இதை வெளியிட்டார்கள்.

தேதி கிடைத்துவிட்டது. இனி யூனிட் வேண்டும். அதாவது, அடிநீர் எவ்வளவு வந்தது என்று காட்டும் ஏதோ ஒன்று. அதற்குக் கைகொடுத்ததுதான் காட்மியம்.

காட்மியம் ஒரு நச்சு உலோகம், பழைய ரீசார்ஜ் பேட்டரிகளில் இருக்குமே, அது. கடலில் அது கிட்டத்தட்ட பாஸ்பேட்டைப் போலவே நடந்துகொள்கிறது என்று எட்வர்ட் பாயிலும் கூட்டாளிகளும் 1976இல் காட்டினார்கள். மிதவைப் பாசி பாஸ்பேட்டைத் தின்னும்போது காட்மியத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது, செத்ததும் கூடவே கீழே இறங்குகிறது. ஆகவே மேல்நீரில் காட்மியம் துளிகூட இல்லாத மாதிரி இருக்கும், அடிநீரில் ஏறும். அடிநீர் மேலே வந்தால் காட்மியமும் வரும். காட்மிய அயனியின் அளவும் மின்னூட்டமும் கால்சியத்துக்கு ரொம்பக் கிட்ட. பவளம் கட்டடம் கட்டும்போது கால்சியம் உட்கார வேண்டிய நாற்காலியில் எங்கேயோ ஒரு காட்மியம் உட்கார்ந்துவிடும். எவ்வளவு? நூறு கோடி கால்சியம் அணுவுக்கு நடுவே காட்மியம் அணு ஒற்றை இலக்கத்தில்!

இதை எண்ணினார்கள் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. கிளென் ஷென், எட்வர்ட் பாயில், டேவிட் லீ ஆகிய மூவரும் 1987இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். கலாபகோஸ் பவளத்தில் குளிர்பருவத்தில், அதாவது மேலெழுச்சி பலமாக இருக்கும்போது, காட்மியம் ஏறுகிறது. எல் நினோ வருடத்தில் இறங்குகிறது. 1989இல் பேரியத்தை வைத்தும் அதையே காட்டினார்கள். பேரியமும் அடியில் அதிகம், மேலே குறைவு. பத்து லட்சம் கால்சியத்துக்கு நாலைந்து பேரியம் கிடைக்கும். காட்மியத்தோடு ஒப்பிட்டால் இது கொட்டிக் கிடக்கிறது, அளப்பதும் சுலபம்.

இதில் எனக்குப் பிடித்தது இரட்டைப் பதிவு முறைதான். பி.காம். முதல் வருடம் முதல் பாடம்: ஒரு பக்கம் பற்று என்றால் இன்னொரு பக்கம் வரவு இருந்தே ஆக வேண்டும். பவளத்திலும் அப்படியே. அதே சுண்ணாம்பில் ஆக்சிஜனும் இருக்கிறது. தண்ணீர் குளிர்ந்தால் கனமான ஆக்சிஜன் 18 கொஞ்சம் அதிகமாகச் சேரும். ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் சுமார் 0.2 பங்கு. அடிநீர் உண்மையிலேயே மேலே வந்திருந்தால் காட்மியமும் பேரியமும் ஏற வேண்டும், அதே அடுக்கில் ஆக்சிஜன் 18 குளிரைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் ஏறி மற்றது சும்மா இருந்தால் எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை.

இடிக்கும்போது அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் நான் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

முதலில் தங்கள் மேலேயே சந்தேகப்பட்டார்கள். பவளத்தில் ஒட்டியிருக்கும் அழுக்கிலும், செத்த உயிரின் மிச்சத்திலும், நம் கையிலும், ஆய்வுக்கூடத்துத் தூசியிலும்கூடக் காட்மியம் உண்டு. நூறு கோடிக்கு ஐந்து என்று எண்ணும் இடத்தில் ஒரு தூசி விழுந்தால் கணக்கு காலி. அதனால் பவளத் துண்டுகளைப் பொடித்து, ஹைட்ரஜன் பெராக்சைடு, நீர்த்த அமிலம், மிகச் சுத்தமான தண்ணீர் என்று திரும்பத் திரும்பக் கழுவினார்கள். அந்தக் கழுவும் முறைக்கே தனியாக ஓர் ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. அளந்ததைவிடக் கழுவியதுதான் பெரிய வேலை என்று எனக்குத் தோன்றியது.

அடுத்து, ஒரே எண்ணுக்கு வேறு காரணம் இருக்க முடியுமா என்று பார்த்தார்கள். அதே 1987 கட்டுரையில் அட்லாண்டிக்கில் இருக்கும் பெர்முடா தீவின் பவளமும் வருகிறது. அங்கேயும் காட்மியம் ஏறியிருக்கிறது. ஆனால் அங்கே கலாபகோஸ் மாதிரி அடிநீர் பொங்கும் இடமில்லை. அது காற்றில் மிதந்து வந்து கடலில் விழுந்த தொழிற்சாலைப் புகையின் காட்மியம். பெர்முடா பவளத்தில் ஈயத்தையும் அளந்தார்கள், தொழில் பெருகப் பெருக ஈயம் ஏறியதை அது காட்டியது. ஒரே உலோகம். ஒரு தீவில் ஆழ்கடல், இன்னொரு தீவில் புகைபோக்கி.

பேரியத்துக்கும் இதே வில்லங்கம். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஒரு பவளத்தின் பேரியத்தை மக்கல்லக் குழுவினர் 2003இல் வெளியிட்டார்கள். 1750இலிருந்து 1998 வரைக்குமான கணக்கு. அங்கே பேரியம் ஏறும்போதெல்லாம் மேலெழுச்சி என்று எழுதியிருந்தால் மொத்தமும் தப்பு. அது பர்டெக்கின் ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மண்ணிலிருந்து வந்த பேரியம். 1870ஐ ஒட்டி அது திடீரென்று கூடுகிறது. ஐரோப்பியர்கள் வந்து ஆடுமாடு மேய்க்க ஆரம்பித்து, ஆற்றங்கரை மண் பெயர ஆரம்பித்த காலம் அது.

ஆக, எண் மட்டும் பேசாது. கணக்கு ஏட்டில் தொகைக்குப் பக்கத்தில் "விவரம்" என்று ஒரு காலம் இருக்குமே, அதை நிரப்ப ஆள் வேண்டும். பெரிய ஆறு இல்லாத கலாபகோஸில் பேரியம் என்றால் அடிநீர். ஆற்றுமுகத்துக்கு எட்டும் தூரத்தில் பேரியம் என்றால் வெள்ளம். "ஜெனரேட்டர் ஓட்டியிருப்பாங்க" என்பது தப்பான விளக்கம் இல்லை. அது சாத்தியமான விளக்கம்தான். அப்படிச் சொன்ன பிறகு டீசல் பில்லைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இவர்கள் கேட்டார்கள்.

இன்னும் பழைய ஏடு வேண்டுமென்றால்? அதற்கும் கலாபகோஸில் ஒரு அதிசயம் நடந்தது. 1954இல் இசபெலா தீவின் உர்வினா வளைகுடாவில் கடல்தரை ஒரேயடியாகச் சில மீட்டர் மேலே எழுந்துவிட்டது. எரிமலைக்கு அடியில் நடந்த ஏதோ அசைவு. கடலுக்குள் இருந்த பவளத்திட்டு அப்படியே வெயிலுக்கு வந்துவிட்டது. மீன்களும் இறால் வகைகளும் ஓட நேரமில்லாமல் காய்ந்து கிடந்தன. பவளங்களின் கணக்கு அந்த நாளோடு முடிந்தது. அந்தக் காய்ந்த பவளத்தைத் துளையிட்டு எடுத்து ராபர்ட் டன்பாரும் மற்றவர்களும் 1994இல் ஆக்சிஜன் கணக்கை வெளியிட்டார்கள். 1607இலிருந்து 1953 வரை, 347 வருடம். ஜஹாங்கீர் ஆண்டபோது எழுத ஆரம்பித்த பேரேடு, நேரு பிரதமராக இருந்தபோது முடிகிறது!

அதையும் அவர்கள் தனியாக நம்பவில்லை. பெருவின் பழைய ஆவணங்களிலிருந்து, அதாவது மழை வெள்ளம், பயண நூல்கள், கப்பல் குறிப்புகள் இவற்றிலிருந்து வில்லியம் குயின் என்பவர் எல் நினோ வருடங்களின் பட்டியல் ஒன்றை 1987இல் கொடுத்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பல இடங்களில் ஒத்துப்போனது, சில இடங்களில் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாததையும் சேர்த்தே வெளியிட்டார்கள். எல் நினோ எப்போதும் ஒரே தாளத்தில் வருவதில்லை, நூற்றாண்டுக்கு நூற்றாண்டு அதன் இடைவெளி மாறியிருக்கிறது என்பது அதில் தெரிந்தது. கடைசிச் சில பத்தாண்டுகளை மட்டும் பார்த்து "இதுதான் வழக்கம்" என்று சொல்ல முடியாது என்பது பெருவின் மீன் வியாபாரிக்குச் சின்ன விஷயமா?

இனி வருத்தமான பகுதி.

1982-83இல் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று வந்தது. அடிநீர் குளிர் வரவில்லை, கடல் மாதக்கணக்கில் சூடாகக் கிடந்தது. கலாபகோஸ் பவளங்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் வெளுத்துச் செத்தன. பீட்டர் கிளின் என்ற ஆய்வாளர் அதைக் கூடவே இருந்து பதிவு செய்தார். அதோடு நிற்கவில்லை. செத்த பவளத்தைக் கடல் முள்ளெலிகள் சுரண்டிச் சுரண்டி மணலாக்கின. சில திட்டுகள் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இருந்த இடம் தெரியாமல் போயின. சீக்கிரம் கரைந்ததற்கு அந்த அடிநீரும் ஒரு காரணம். ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு அதிகம், அமிலத்தன்மை கொஞ்சம் கூடுதல். அதனால் அந்தப் பகுதித் திட்டுகளில் துண்டுகளைப் பிணைக்கும் இயற்கை சிமெண்ட் சரியாகப் பிடிப்பதில்லை என்று 2008இல் ஓர் ஆய்வு சொன்னது. எந்த நீரின் கணக்கைப் பவளம் எழுதியதோ அந்த நீரே அந்தக் கட்டடத்தைப் பலவீனமாக வைத்திருந்தது.

யோசித்துப் பாருங்கள். எந்த வருடத்தின் கணக்கு நமக்கு ரொம்ப முக்கியமோ, அந்த வருடம்தான் கணக்குப்பிள்ளை செத்துப்போகிறான். எல் நினோ மிகக் கடுமையாக இருக்கும் வருடத்தில் பவளம் வளர்வதை நிறுத்திவிடும், அல்லது மொத்தமாகச் செத்துவிடும். ஏட்டில் அந்தப் பக்கம் காலி. 1982க்கு முன்பு துளையிட்டு எடுத்து ஆய்வுக்கூடத்தில் பத்திரமாக வைத்த துண்டுகளுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று இப்போது புரிகிறது. இன்று லேசர் கதிரால் பவளத் துண்டைக் கோடு மாதிரிச் சுட்டுக்கொண்டே போய் வாரக் கணக்கில்கூடப் படிக்க முடிகிறது. அதே நேரம் 2023இல் தொடங்கிய உலகளாவிய வெளுப்பில் உலகத்துப் பவளத்திட்டுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் வெப்பத்தில் அடிபட்டன. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டு நூலகத்துக்குப் போனால், நூலகம் எரிந்துகொண்டிருக்கிறது.

துளையிடுகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். உயிரோடிருக்கும் பவளத்தில் துளைபோட்டு ஒரு தடி மாதிரி எடுத்த பிறகு, அந்த ஓட்டையை சிமெண்ட் அடைப்பால் மூடிவிட்டு வருகிறார்கள். நாளாவட்டத்தில் பவளம் அதன் மேலேயே வளர்ந்து மூடிக்கொள்ளும். கணக்கைப் பார்த்தவன் கடையை மூடிவிடக் கூடாது என்ற நாகரிகம் அது.

பவளம் ரொம்ப நேர்மையானது என்று எழுதி முடிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மையில்லை. பவளத்துக்குப் பொய் எழுதத் தெரியாது, அதனால் நேர்மை என்ற பேச்சே அதற்குக் கிடையாது. மீட்டரும் அப்படித்தான். நேர்மை எல்லாம் அதைப் படிக்கிறவன் கையில் இருக்கிறது. கழுவினாயா, இன்னொரு காரணம் இருக்குமா என்று பார்த்தாயா, ஒத்துப்போகாததையும் எழுதினாயா. இதெல்லாம் பவளம் செய்யாது. ஆள்தான் செய்ய வேண்டும்.

அந்த மில்லுக்காரர் தப்பு செய்தார் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. நிஜமாகவே ஜெனரேட்டர் ஓடியிருக்கலாம். மோட்டார் மாற்றியிருக்கலாம். வெளியே கூலிக்குக் கொடுத்து அரைத்திருக்கலாம். சீனியரையும் குறை சொல்ல மனசு வரவில்லை. கரண்ட் பில்லைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஐம்பது ஃபைலை ஒரு மாதத்தில் முடிக்க வேண்டிய மனுஷர். சாப்பாட்டு நேரம் வேறு.

ஆனால் டீசல் பில் எங்கே என்று நான் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. கேட்டிருந்தால் திட்டியிருக்கக்கூட மாட்டார். பசித்தது, அவர் கூப்பிட்டார், போய்விட்டேன்.

அடுத்த வருடம் டிகிரி முடித்ததும் சி.ஏ. எழுதலாம் என்று வீட்டில் பேச்சு. மறுபடியும் டிக் அடிக்கும் வேலைக்குத்தான் போகப்போகிறேன். அந்த மில்லின் ஃபைல் அந்த ஆபீஸின் ஏதோ ஒரு பீரோவில் இருக்கும். இரண்டு மாதக் கணக்குக்குப் பக்கத்தில் பென்சிலில் என் டிக் இருக்கும். அதற்குப் பக்கத்தில் "டீசல் பில் பார்க்கவில்லை" என்று மூன்று வார்த்தை எழுத இடம் இருந்தது. எழுதவில்லை.